மடை எவர் கையில்?

ஏரி பெரிதாய் இருப்பதனால் மட்டும் கழனி விளைந்துவிடுவதில்லை. ஏரிக்கு மதகு வேண்டும். மதகைத் திறக்கவும் அடைக்கவும் பழகிய கை வேண்டும். அக்கைக்கு, எப்பொழுது, எவ்வளவு என்று சொல்லும் அறிவு வேண்டும். நீர் மிகுந்தால் பயிர் அழுகும், குறைந்தால் கருகும். அளவறிந்து விடுவதே வேளாண்மை. இவ்வுண்மையை உலகுக்கு எடுத்துச் சொல்லும் தகுதியுடைய ஊர்களுள் ஒன்று தென்னேரி.

காஞ்சிபுர மாவட்டத்துத் தென்னேரி, பழம்பெயரால் திரையனேரி. தொண்டைநாடாண்ட திரையன் பெயரோடு இணைத்துச் சொல்லப்பெறும் பேரேரி அது. அதே வட்டாரத்தைச் சேர்ந்த உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919-இலும் 921-இலும் வெட்டப்பெற்ற கல்வெட்டுகள் இன்றும் நிற்கின்றன. குடவோலையிட்டு ஆள் தெரிந்தெடுத்த முறையை அவை கூறுகின்றன. அவ்வாறு தெரிந்தெடுக்கப்பெற்ற குழுக்களுள் ஒன்று ஏரிவாரியம். அதில் அறுவர்; அவர்தம் பொறுப்பு 360 நாள். மதகைத் தொட்டவன் ஒருவன். எவ்வளவு நீர் விடுவதென்று எண்ணியவர் அறுவர். கை வேறு, கருத்து வேறு என்று பகுத்து வைத்த நுட்பம் அது.

ஆயினும் ஒன்றை மறைத்தல் கூடாது. அவ்வாரியத்தில் இடம்பெற நிலமும் மனையும் மட்டும் போதா. வடமொழி மறையோதியிருத்தலும் வேண்டும் என்று அக்கல்வெட்டே விதிக்கின்றது. ஏரியை வெட்டிய உழவனுக்கும், கரையைக் கட்டிய கூலியாளுக்கும், மதகைத் திறந்த நீர்க்கட்டிக்கும் ஆங்கு இடமில்லை. அளவறியும் உரிமை, அயன்மொழியறிந்த ஒரு சிலரிடம் தங்கிவிட்டது. உழைப்பு ஒருவனது; ஆணை மற்றொருவனது. இப்பழங்கதையை ஈண்டு நான் எடுத்தது, ஆயிரம் ஆண்டு கழிந்தும் அது பழங்கதையாகிவிடவில்லை என்பதற்காகவே.

திண்ணையில் எழுந்த வினா

அண்மையில் தென்னேரியில் அன்பர் ஒருவர் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அவர் இளைய மகன், மேனிலைப் பள்ளி மாணவன், தன் அண்ணன் படித்த காலத்துப் பழைய மடிக்கணினி ஒன்றைத் திண்ணையில் வைத்துப் போராடிக்கொண்டிருந்தான். அதன் அடிப்பக்கம் தோசைக்கல்போற் காய்ந்தது. மின்கலம் அரைமணி நேரமும் தாங்கவில்லை. நகரத்துக் கடைக்காரர் ஒருவரிடம் காட்டினானாம். “இது பழையது தம்பி, புதிது வாங்கிவிடு” என்பதே அவர் தந்த மருந்து.

அக்கணினியில் இருந்தது இலினக்சு இயங்குதளம். இருவருமாய் அமர்ந்து அதன் உள்ளடைவைப் பார்த்தோம். ஒரு சிறிய கோப்பில், ‘எப்பொழுதும் உச்ச விரைவில் ஓடுக’ என்னும் பொருள்படும் ஒரே ஓர் ஆங்கிலச் சொல் எழுதப்பட்டிருந்தது. எவர் எப்பொழுது அப்படி அமைத்தாரோ, அறியோம். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்பொறி முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்தது; மதகைத் திறந்து வைத்துவிட்டுக் காவலன் உறங்கப்போனது போல. ‘வேலைக்கேற்ப ஓடுக’ என்று அச்சொல்லை மாற்றினோம். விசிறியில் அடைந்திருந்த தும்பையும் துகளையும் நீக்கினோம். அன்று மாலைக்குள் சூடு தணிந்தது. மின்கலமும் முன்னினும் நெடுநேரம் தாங்கிற்று.

மகிழ்ந்த அம்மாணவன் கேட்டான்: “ஐயா, நாம் இப்பொழுது மாற்றினோமே, அதற்குத் தமிழில் என்ன பெயர்?”

நான் வாய்திறக்கவில்லை. முப்பதாண்டுகளாய்த் தனித்தமிழ் பேசியும் எழுதியும் வருபவன், ஒரு பள்ளிப் பிள்ளையின் முன் சொல்லின்றி நின்றேன். அந்த நாணத்தின் விளைவே இக்கட்டுரை.

துடிப்பும் அழுத்தமும்

முதலில் பொருளை அறிவோம். பெயர் பிறகு வரட்டும். பொருளறியாமற் பெயரிடுதல், பிறவாத பிள்ளைக்குப் பெயரிடுதல் போல்வது.

கணினியின் நெஞ்சம் நுண்செயலி. நெஞ்சம் துடிப்பது போல அதுவும் துடிக்கின்றது. ஒவ்வொரு துடிப்பிலும் ஓரடி வினை நிகழும். 1971-இல் இண்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் நுண்செயலி, நொடிக்கு ஏறத்தாழ 7 இலக்கத்து 40 ஆயிரம் முறை துடித்தது. 2004-இல் அதே நிறுவனத்தின் செயலி நொடிக்கு 380 கோடி முறை துடித்தது. இத் துடிப்பின் எண்ணிக்கையே அதிர்வெண். ஈழத்தார் பாடநூல்களில் இதனை மீடிறன் என்பர்.

துடிப்பு விரைய வேண்டுமானால், உள்ளிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணிய மாற்றிகள் விரைந்து திறந்து மூட வேண்டும். அதற்கு மின்னழுத்தம் மிகுதியாய் வேண்டும். அழுத்தம் குறைந்திருக்கையில் துடிப்பை மட்டும் விரைவுபடுத்தினால் கணக்குப் பிழைபடும், பொறி நின்றுவிடும்.

ஈண்டுத்தான் கணக்கின் அருமை உள்ளது. நுண்செயலி மாறுதலுக்குச் செலவிடும் திறன், அதிர்வெண்ணுக்கு ஒருபடியாகவும் அழுத்தத்திற்கு இருபடியாகவும் ஏறுகின்றது. ஓர் எடுத்துக்காட்டு: 1.2 வோல்ட்டில் ஓடும் செயலியின் அதிர்வெண்ணைப் பாதியாக்கி, அழுத்தத்தை 0.9 வோல்ட்டாகக் குறைப்போம். அழுத்தம் முக்காற் பங்காயிற்று. அதன் இருபடி நூற்றுக்கு 56. அதிர்வெண் பாதியானதால் திறன் நூற்றுக்கு 28 ஆகச் சுருங்கும். வேலை முடிய இருமடங்கு நேரம் ஆகும் என்பது மெய்யே. ஆயினும் முழுவேலைக்கும் செலவான மொத்த ஆற்றல் நூற்றுக்கு 56 தான். ஏறத்தாழப் பாதி மிச்சம்! துடிப்பை மட்டும் குறைத்து அழுத்தத்தைக் குறையாது விட்டிருந்தால், இம்மிச்சம் கிட்டியிராது. இரண்டையும் ஒருங்கே இறக்குவதில்தான் ஊதியம்.

‘திறன்’, ‘ஆற்றல்’ என்னும் இரு தமிழ்ச் சொற்களும் இக்கணக்கில் எத்துணைத் தெளிவாய்ப் பிரிந்து நிற்கின்றன என்பதையும் நோக்குக. திறன் என்பது செலவின் விரைவு. ஆற்றல் என்பது செலவின் தொகை. ஒரு நொடியில் மதகு வழிப் பாய்வது திறன். ஒரு போகத்திற்குப் பாய்ந்தது ஆற்றல். ‘கரண்ட்டு’ என்னும் ஒரே சொல்லால் அனைத்தையும் குழப்புவோனுக்கு இவ்வேறுபாடு விளங்குவது அரிது.

மற்றொன்றும் உண்டு. மதகை இறுக அடைத்தாலும் நீர் கசியும். நுண்செயலியிலும் அத்தகைய ஒழுக்கு உண்டு. வேலை செய்யாதிருந்தாலும், மின்னழுத்தம் உள்ளளவும் சிறிது மின்னோட்டம் வீணாய்க் கசியும். ஆகவே மிக மெதுவாய் ஓட்டிக்கொண்டே இருப்பதும் இழப்புத்தான். சிலபோது வேலையை விரைந்து முடித்துவிட்டு முழுவதும் உறங்கச் செய்வதே சிக்கனம். எப்பொழுது மெதுவாய்ச் செல்வது, எப்பொழுது விரைந்து முடித்து உறங்குவது என்று முடிவு செய்தலே இக்கலையின் உயிர்நாடி.

இக்கலை எவ்வாறு தோன்றிற்று? மாற்றிகளைச் சிறிதாக்குந்தோறும் அழுத்தத்தையும் அதே அளவிற் குறைத்தால், பரப்பளவுக்குரிய வெப்பம் மிகாது என்று 1974-இல் இராபர்ட் டென்னார்டும் அவர்தம் தோழர்களும் காட்டினர். முப்பதாண்டு அவ்வழி உலகம் சென்றது. ஒழுக்கு மிகுந்து, அழுத்தத்தை மேலும் அவ்வாறு குறைக்க இயலாமற் போகவே, 2005-ஆம் ஆண்டளவில் அவ்வழி அடைபட்டது. பின்னர்த் துடிப்பை ஏற்றிக்கொண்டே போவதைக் கைவிட்டு, அளந்து செலவிடுவதே அறிவு என்று உலகம் கண்டுகொண்டது. இதற்கு முன்னரே, 1994-இல், மார்க்கு வைசர் குழுவினர், இயங்குதளமே வேலையின் அளவை நோக்கித் துடிப்பைக் குறைத்து ஆற்றலை மிச்சப்படுத்தலாம் என்று ஆய்ந்துரைத்தனர். 2000-ஆம் ஆண்டில் இண்டெல், ஏ.எம்.டி., திரான்சுமேட்டா ஆகிய நிறுவனங்களின் மடிக்கணினிச் செயலிகள் இவ்வாற்றலோடு வெளிவந்தன.

கையும் கருத்தும்

இனி இயங்குதளத்துள் நுழைவோம். 2003-ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த இலினக்சு 2.6-ஆம் பதிப்பின் கருவகத்தில் இதற்கெனத் தனிப் பகுதி ஒன்று இருந்தது. இன்றும் வளர்ந்து வருகின்றது. அதன் அமைப்பை நோக்குங்கால் நம் ஏரிவாரியமே கண்முன் நிற்கும்.

அதில் இரு கூறுகள். ஒன்று, கை. செயலிதோறும் துடிப்பையும் அழுத்தத்தையும் மாற்றும் வழி வேறு வேறு. அவ்வழியை அறிந்து மாற்றுவது இயக்கி. இண்டெல் செயலிக்கு ஒன்று, ஏ.எம்.டி. செயலிக்கு ஒன்று, கைப்பேசிச் செயலிகளுக்குப் பல என இயக்கிகள் உள்ளன. மற்றொன்று, கருத்து. இப்பொழுது எவ்வளவு விரைவு வேண்டும் என்று முடிவு செய்வது அது. அதனை ஆங்கிலத்தார் ‘கவர்னர்’ என்பர்.

இயக்கியின் கடமை எளிதென்று கருதற்க. அதனிடம் ஒரு படிப்பட்டியல் இருக்கும்: இன்ன அதிர்வெண்ணுக்கு இன்ன அழுத்தம் என்று. ஏறும்போது முதலில் அழுத்தத்தை உயர்த்தி, அது நிலைபெற்ற பின்னரே துடிப்பை உயர்த்த வேண்டும். இறங்கும்போது முதலில் துடிப்பைக் குறைத்து, அதன் பின்னரே அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். முறை மாறினால், போதிய அழுத்தமின்றித் துடிப்பு விரைந்து கணக்குப் பிழைபடும். நம் நீர்க்கட்டி இதனை அறிவான். மிகுந்த நீர் விட வேண்டுமாயின் முதலில் வாய்க்காலைச் செப்பனிட்டுப் பின்னர் மதகைத் திறப்பான். மூடும்போது முதலில் மதகை அடைத்துப் பின்னரே வாய்க்காலில் கைவைப்பான். முறை மாற்றினால் கரை உடையும்.

கருத்துக் கூறிலும் பல வகை. எப்பொழுதும் உச்சத்தில் ஓட்டுவது ஒன்று. எப்பொழுதும் தாழ்வில் ஓட்டுவது ஒன்று. பயனர் சொன்ன அளவிலேயே நிற்பது ஒன்று. வேலைப் பளுவை அடிக்கடி அளந்து, அது நூற்றுக்கு 80 போன்ற ஒரு வரம்பைக் கடந்தவுடன் உச்சத்திற்குத் தாவுவது ஒன்று. தாவாமற் படிப்படியாய் ஏறியிறங்குவது மற்றொன்று. 2016-இல் வந்த புதிய வகையோ, பணிகளை நிரல்படுத்தும் பகுதியிடமே பளுவைக் கேட்டறிந்து, வேண்டியதற்கு மேல் காற்பங்கு கூட்டி விரைவை வகுக்கின்றது. எதிர்பாரா வேலை வந்தால் தாங்குதற்கு அக்காற்பங்கு. பருவம் அறிந்த உழவன் நாற்றங்காலுக்குக் கொஞ்சம் கூடுதலாய் நீர் தேக்குவது போல!

இவற்றை எழுதியோர் பெயர்கள் நிரல்களின் தலைப்பிலேயே உள்ளன. இரசல் கிங்கு, தொமினிக்கு பிரோதோவ்சுகி என்னும் ஐரோப்பியரோடு, வேங்கடேசு பல்லிபாடி, விரேசு குமார் என்னும் பெயர்களும் ஆங்கு உள்ளன. இந்நிரல்கள் எவரும் படிக்கலாம், எவரும் திருத்தலாம் என்று உலகின்முன் திறந்து கிடக்கின்றன. மறைநூலை மறைத்து வைத்தாற்போல் எவரும் இவற்றை மறைத்துவைக்கவில்லை. ஆனால் திறந்து கிடக்கும் கதவின் வாயிலில், ‘ஆங்கிலம் அறிந்தோர் மட்டும் உள்ளே வருக’ என்று எழுதாமல் எழுதப்பட்டுள்ளதே, அதுதான் நம் நெஞ்சைச் சுடுகின்றது.

மடை பிறர் கையில் இருந்தால்?

இத்துணை நுண்ணிய செய்தி நமக்கெதற்கு, இது பொறியாளர்க்கன்றோ என்று கேட்பாரும் உளர். அவர்க்கு உலகம் அறிந்த மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்வேன்.

முதலாவது: 2017 சனவரியில் ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசிகளுக்கு மென்பொருட் புதுக்கம் ஒன்றை அனுப்பிற்று. மின்கலம் மூப்படைந்த சில வகைக் கைப்பேசிகளின் உச்ச விரைவை அப்புதுக்கம் குறைத்தது. மூத்த மின்கலம் திடீரென மிகுந்த மின்னோட்டத்தைத் தரமாட்டாது, கைப்பேசி அணைந்துவிடும், அதனைத் தடுக்கவே குறைத்தோம் என்றது நிறுவனம். கரணியம் பொய்யன்று. ஆனால் கைப்பேசிக்கு உரியவனிடம் அதனை அவ்வமயம் விளங்கச் சொல்லவில்லை. தன் கைப்பேசி ஏன் சோர்கின்றதென்று அறியாத எத்துணை பேர் புதிதாக வாங்கியிருப்பர்! பயனர்கள் ஆய்ந்து வெளிப்படுத்திய பின்னர், 2017 திசம்பரில் நிறுவனம் ஒப்புக்கொண்டது, மன்னிப்பும் கேட்டது. 2018-இல், அக்குறைப்பை நிறுத்தும் உரிமையைப் பயனருக்கு வழங்கிற்று. 2020-இல் பிரான்சு அரசு 2.5 கோடி யூரோ தண்டம் விதித்தது. அமெரிக்க வழக்கை முடிக்க 50 கோடி தாலர் வரை தர அந்நிறுவனம் இசைந்தது. மதகை அடைத்தது குற்றமன்று. அடைத்ததை உழவனுக்குச் சொல்லாததே குற்றம்.

இரண்டாவது: அதே 2017-இல், அமெரிக்கக் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர், கைப்பேசி ஒன்றின் துடிப்பையும் அழுத்தத்தையும் மென்பொருள் வழியே வரம்பு மீறி மாற்றி, செயலியின் காப்பறையிற் பிழை விளைவித்து, ஆங்கு மறைத்து வைக்கப்பட்ட திறவுகோலைக் கைப்பற்றிக் காட்டினர்.

மூன்றாவது: 2019-இல் ஐரோப்பிய ஆய்வாளர், இண்டெல் செயலியின் அழுத்தத்தை மிகக் குறைத்து அதன் காப்பறையையும் அவ்வாறே உடைக்கலாம் என்று மெய்ப்பித்தனர். மதகில் கைவைக்க வல்லவன் கரையையும் உடைக்க வல்லவன் என்பது இதனால் விளங்கும்.

இன்னும் ஒன்று. 2015-க்குப் பின் வந்த இண்டெல் செயலிகள் பலவற்றில், விரைவை முடிவு செய்யும் பொறுப்பையே செயலி தன்னுள் எடுத்துக்கொண்டது. இயங்குதளம் குறிப்புக் காட்டலாம். முடிவு உள்ளே இருக்கும் மூடிய நிரலுக்கே. இதனால் விரைவும் சிக்கனமும் மிகுந்தன என்பது உண்மையே, மறுக்கவில்லை. ஆயினும், ஊரார் கண்முன் இருந்த மதகு சுவருக்குள் போய்விட்டது என்பதும் உண்மையே.

பூட்டும் கையும் புரியாத சொல்லும்

இப்பொழுது மீண்டும் தென்னேரிக்கு வருவோம். அதன் அண்மையில்தான் திருப்பெரும்புதூரும் சுங்குவார்சத்திரமும் உள்ளன. 2006 முதல் 2014 வரை நோக்கியா கைப்பேசிகள் திருப்பெரும்புதூரில் உருவாயின. இன்று சுங்குவார்சத்திரத்துப் பாக்சுகான் தொழிற்சாலையில் ஆப்பிள் கைப்பேசிகள் பூட்டப்படுகின்றன. விடியற்காலைப் பேருந்துகளில் நம் பெண்மக்கள் சாரிசாரியாய் அத்தொழிற்சாலைகளுக்குச் செல்வதைச் சாலையில் நிற்பார் காணலாம். அவர்தம் விரல் பட்டு உலகெங்கும் செல்லும் ஒவ்வொரு கைப்பேசியினுள்ளும் மேற்சொன்ன துடிப்பும் அழுத்தமும் ஏறியிறங்கிக்கொண்டே உள்ளன. ஆனால் அவர்களுள் ஒருத்தி, தான் பூட்டிய பொருள் எவ்வாறு இயங்குகின்றது என்று தன் தாய்மொழியிற் படித்தறிய விரும்பினால், அவள் கையில் கொடுக்க நம்மிடம் ஒரு சிறு நூல் உண்டா? ஏரியை வெட்டியவனுக்கு வாரியத்தில் இடமில்லை என்ற பழைய கொடுமை, வேறு உடையுடுத்து மீண்டும் வந்து நிற்கின்றதன்றோ?

வடமொழி இருந்த இடத்தில் ஆங்கிலம் அமர்ந்தது. அமர்ந்தது அதன் குற்றமோ, அமர விட்டது நம் குற்றமோ?

தமிழனால் இயலாது என்று எவரும் சொல்ல இடமில்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழு, ‘சத்தி’ என்னும் பெயரில் நுண்செயலி வரிசையொன்றை வடித்தது. எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய ‘இரிசுக்கு-ஐந்து’ என்னும் கட்டளைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டது அது. 2018-இல் அவ்வரிசையின் செயலிகள் முதலில் அமெரிக்காவில் இண்டெல் ஆலையில் 22 நானோமீற்றர் முறையிலும், பின்னர்ச் சண்டிகரில் 180 நானோமீற்றர் முறையிலும் உருப்பெற்றன. 2025 பிப்பிரவரியில், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தோடு இணைந்து உருவாக்கிய செயலியொன்றும் அறிவிக்கப்பெற்றது. வரைந்தது சென்னை, வார்த்தது சண்டிகர்.

செயலியை வடித்துவிட்டால் மட்டும் போதுமா? படிப்பட்டியல் வேண்டும்; அழுத்தச் சீராக்கி வேண்டும்; இயக்கி வேண்டும். இயக்கியில்லாச் செயலி, மதகில்லா ஏரி. ஒரே விரைவில் ஓடும். அல்லது ஓடாது நிற்கும். இயக்கி எழுதுதற்கு ஆலை வேண்டா, கோடிப் பணம் வேண்டா. தென்னேரித் திண்ணையில், பழைய மடிக்கணினியில், ஒரு மாணவன் எழுதிவிடலாம். அவனுக்கு வேண்டுவது பொருள் விளங்கும் மொழி ஒன்றே.

நம் பக்கத்துக் குறை

பிறரைச் சொன்ன வாயால் நம்மையும் சொல்லிக்கொள்ள வேண்டும். தனித்தமிழ் அன்பர்களாகிய நாம், அயற்சொல் ஒன்றைக் கண்டவுடன் அதற்கொரு தமிழ்ச் சொல் வடித்து மகிழ்கின்றோம். மகிழ்ச்சி நன்றே. ஆனால் அச்சொல்லைக் கொண்டு ஒரு பக்கம் எழுதிப் பார்க்கின்றோமா? பயன்படாத சொல், புழங்காத செப்புக்காசு, களிம்பேறிப் போகும்.

எடுத்துக்காட்டு வேண்டுமா? ‘செயலி’ என்கின்றோம். கைப்பேசியில் நிறுவும் குறும்பணி மென்பொருளும் செயலி. உள்ளே துடிக்கும் சில்லும் செயலி! ‘செயலியை நீக்கு’ என்றால் எதனை நீக்குவான் அந்தப் பிள்ளை? இரண்டையும் ஒரே தொடரில் வைத்து எழுதிப் பார்த்திருந்தால் இக்குழப்பம் அன்றே வெளிப்பட்டிருக்கும். சில்லுக்கு நுண்செயலி என்றும், மற்றதற்குக் குறுஞ்செயலி என்றும் வரையறுப்பதே நேரிது.

‘கவர்னர்’ என்பதைப் பாருங்கள். அகரமுதலியை மட்டும் புரட்டுவோன் ‘ஆளுநர்’ என்று எழுதிவிடுவான்; கணினிக்குள் ஆளுநர் மாளிகை எழுந்துவிடும்! இச்சொல் பொறியியலுக்கு வந்தது நீராவிப் பொறியின் வழி. பொறியின் விரைவு மிகாமலும் குறையாமலும் தானே சீர்செய்துகொள்ளும் சுழல் குண்டுக் கருவியை 1788-இல் சேம்சு வாட்டு தம் பொறியிற் பொருத்தினார், அதற்கு அப்பெயர். அதற்கும் முன்னே சென்றால், அதன் மூலம் கிரேக்கத்தில் கலத்தைச் செலுத்துவோனைக் குறித்த சொல். நம் மொழியில் மீகாமன்! பொருளை வேர்வரை தோண்டினால் தமிழ் தானே ஊற்றெடுக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆகவே என் கருத்து இது: ‘டிரைவர்’ இயக்கி, ‘கவர்னர்’ விரைவாள்வி, படிப்பட்டியல், படிப்பட்டியலே. துடிப்பையும் அழுத்தத்தையும் ஒருங்கே ஏற்றியிறக்கும் இம்முழுக் கலைக்கும் ‘துடிப்பழுத்தச் சீராக்கம்’ என்று பெயரிடலாம். இவற்றினும் நல்லவற்றை எவரேனும் தந்தால் என் சொற்களை நானே முதலில் கைவிடுவேன். சொல்லுக்காகச் சண்டையிட்டுப் பொருளை இழப்பது அறிவுடைமையன்று. மீடிறன் என்னும் ஈழத்தாரோடும், அதிர்வெண் என்னும் நம்மோடும் இரு வேறு உலகங்கள் வேண்டா. இரண்டையும் நூலில் அருகருகே வைத்து எழுதினால், கடல் கடந்தும் ஒரே மாணவன் படிப்பான்.

செய்ய வேண்டுவன

தமிழ்ப் பற்றாளரே! மேடையில் முழங்கியது போதும். ஊருக்கு ஓர் இளைஞனைத் தேர்ந்தெடுங்கள். பழைய கணினி ஒன்றை அவனிடம் கொடுங்கள். அதன் விரைவாள்வியை மாற்றவும், வெப்பத்தையும் மின்கலத்தையும் அளந்து எழுதவும் கற்றுக்கொடுங்கள். அவன் கண்டதைத் தமிழில் நான்கு பக்கம் எழுதச் செய்யுங்கள். அந்நான்கு பக்கம், நாம் வடிக்கும் நானூறு சொற்களினும் மேலானது. பொறியியற் கல்லூரியில் பணியாற்றும் அன்பர்கள், திறந்து கிடக்கும் அவ்வியக்கி நிரல்களுக்கு வரிக்கு வரி தமிழுரை எழுதட்டும். பழநூல்களுக்கு உரைகண்ட இனம் நம்மினம். நிரலுக்கு உரைகாண்பது நமக்கு அரிதாமோ?

அம்மாணவனுக்கு நான் கடன்பட்டிருக்கின்றேன். அடுத்த முறை தென்னேரி செல்லும்போது இவ்விதழை அவன் கையில் கொடுப்பேன். ‘நீ கேட்டதற்குப் பெயர் இது, அதன் பொருள் இது, இனி இதனின் மேலான ஒன்றை நீ எழுது’ என்பேன்.

ஏரி நம்முடையது, கழனி நம்முடையது, வெட்டிய கையும் நம்முடையது. மடை மட்டும் ஏன் பிறர் கையில் இருக்க வேண்டும்?